மேலாளரின் நேரமும் பிறரின் காத்திருப்பும்

நேர மேலாண்மை குறித்த நூல்களில் காணப்படும் அறிவுரைகளில் பெரும்பகுதி தனித்து வேலை செய்யும் ஒருவரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. விடியற்காலையில் எழுவது, அன்றைய வேலைகளைப் பட்டியலிடுவது, கைப்பேசியை எட்ட வைப்பது போன்ற பழக்கங்கள் தேர்வுக்குப் படிக்கும் மாணவருக்கு உதவுவதைப் போலவே மேலாளருக்கும் ஓரளவு உதவும் என்றாலும், மேலாளர் பணியை மற்றப் பணிகளிலிருந்து பிரித்துக் காட்டும் அடிப்படைக் கூறு ஒன்றை அவை தொடாமலே விட்டுவிடுகின்றன. மேலாளரின் ஒப்புதலோ விளக்கமோ கையொப்பமோ கிடைத்தாலன்றி அடுத்த கட்டத்துக்குப் போக முடியாத நிலையில் எந்த நாளிலும் சிலர் இருந்துகொண்டே இருக்கிறார்கள் என்பதே அந்தக் கூறு. ஆகவே அவர் தள்ளிப்போடும் ஒரு முடிவு, அவர் கணக்கில் சில நிமிடங்களாகவும், அவருக்கு அடுத்த நிலையில் இருப்போர் கணக்கில் ஒரு நாளாகவும், அவர்களுக்கும் கீழே இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்போர் கணக்கில் சில இரவுகளாகவும் பெருகிவிடக் கூடும்.

இன்டெல் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஆண்ட்ரூ குரோவ், 1983இல் வெளிவந்த தம் மேலாண்மை நூலில், ஒரு மேலாளரின் விளைவு என்பது அவர் பொறுப்பிலுள்ள பிரிவின் விளைவும் அவருடைய செல்வாக்குக்கு உட்பட்ட அண்டைப் பிரிவுகளின் விளைவும் சேர்ந்ததே என்று வரையறுத்தார். இவ்வரையறையை ஏற்றுக்கொண்டால், மேலாளர் ஒருவர் தம் நேரத்தைச் சரியாகக் கையாளுகிறாரா என்பதை அளக்கும் அளவுகோலும் மாறியாக வேண்டும். ஒரு நாளில் எத்தனை வேலைகளை முடித்தார் என்ற கேள்விக்கு முன்பாக, அவருக்காகப் பிறர் எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்ற கேள்வியை எழுப்ப வேண்டியிருக்கிறது. இந்த அத்தியாயத்தில் தரப்படும் நடைமுறைகள் அனைத்தும் இந்த இரண்டாம் கேள்வியை அடிப்படையாகக் கொண்டவை.

தாமதம் போய்ச் சேரும் இடம்

திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதித் தொழிலில் ஓர் ஆர்டர் கடந்து செல்லும் படிகளைக் கவனித்தால், மேலிடத்துத் தாமதம் எவ்வாறு கீழிறங்குகிறது என்பது தெளிவாகும். வெளிநாட்டு வாங்குநர் கேட்ட நிறம் சாயத்தில் சரியாக வருகிறதா என்று பார்ப்பதற்காகச் சிறு துணித்துண்டுகளுக்குச் சாயமேற்றி அனுப்புவார்கள். இதற்கு லேப் டிப் என்று பெயர். அதற்கு ஒப்புதல் கிடைத்த பிறகே மொத்தத் துணியும் சாயப்பட்டறைக்குப் போகும். மாதிரி ஆடைக்கு ஒப்புதல் வேண்டும், லேபிளுக்கும் பட்டனுக்கும் கொள்முதல் அனுமதி வேண்டும், அதன் பின்னரே கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்ற வரிசை தொடங்கும். இவற்றுள் முதற்பகுதியில் உள்ள படிகள் பெரும்பாலும் தாளிலும் மின்னஞ்சலிலும் நடப்பவை. பிற்பகுதியில் உள்ளவை மனிதக் கைகளால் நடப்பவை. ஷிப்மென்ட் தேதியோ தொடக்கத்திலேயே குறிக்கப்பட்டுவிடுகிறது.

லேபிள் கொள்முதலுக்கான அனுமதித் தாள் மேலாளரின் மேசையில் இரண்டு நாள் கிடந்தால், அந்த இரண்டு நாளையும், ஆர்டரைத் தொடர்ந்து கவனிக்கும் மெர்ச்சன்டைசர் எங்கிருந்தாவது மீட்டாக வேண்டும். வாங்குநர் தேதியைத் தள்ளித் தரமாட்டார், சாயப்பட்டறை தன் முறையை மாற்றாது, கப்பலும் காத்திருக்காது. சுருங்கக் கூடிய ஒரே இடம் தையல் பிரிவுதான் என்பதால், அங்கே இரவு வேலை அறிவிக்கப்படுகிறது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பையும், வரம்பை மீறிய மணி நேரங்களுக்கு இருமடங்கு கூலி என்ற விதியையும் இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்தது; எனவே சட்டப்படி நடக்கும் நிறுவனத்துக்கு இந்த இரவுகள் இருமடங்குச் செலவாகவும், சட்டத்தை ஏமாற்றும் நிறுவனத்தில் தொழிலாளிக்கு முழு இழப்பாகவும் முடிகின்றன. அப்படியும் தேதி தவறினால் சரக்கை விமானத்தில் அனுப்பும் செலவு ஏற்றுமதியாளர் தலையில் விழும். இத்தனைக்கும் காரணமான அனுமதித் தாளைப் படித்துக் கையொப்பமிட ஐந்து நிமிடம் போதும் என்பதே இதில் கவலைக்குரியது. அந்த ஐந்து நிமிடம் ஏன் இரண்டு நாள் கழித்து வந்தது என்பதை எந்தப் பதிவேடும் காட்டுவதில்லை. இரவு வேலை செய்தவர்களின் எண்ணிக்கை மட்டுமே பதிவாகிறது. அதனாலேயே, தாமதத்தின் மூலம் தாமே என்பது மேலாளருக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

நேரத்தை எழுதிப் பார்த்தல்

மேலாளரின் நாள் துண்டு துண்டாக இருப்பது அவருடைய தனிப்பட்ட ஒழுங்கின்மையால் மட்டும் நேர்வதன்று. கனடிய அறிஞர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க், தலைமை நிர்வாகிகள் ஐவரை ஆளுக்கு ஒரு வாரம் உடனிருந்து கவனித்து, அதன் முடிவுகளை 1973இல் நூலாக வெளியிட்டார். அவர்களுடைய செயல்களில் பாதி ஒன்பது நிமிடத்துக்கும் குறைவாகவே நீடித்தன. ஒரு மணி நேரத்தைத் தாண்டியவை பத்தில் ஒரு பங்குதான். தொழிற்கூட மேற்பார்வையாளர்களின் நிலை இதனினும் நெருக்கமானது: அமெரிக்காவில் 56 ஃபோர்மேன்களைக் கவனித்த முந்தைய ஆய்வொன்று, எட்டு மணி நேர ஷிப்டில் ஒவ்வொருவரும் சராசரியாக 583 செயல்களில் ஈடுபட்டதாக, அதாவது ஏறத்தாழ 48 விநாடிக்கு ஒன்றாகத் தாவியதாகக் கண்டறிந்தது. குறுக்கீடு இல்லாத நாள் ஒன்று அமையும் என்று காத்திருக்கும் மேலாளர் இல்லாத ஒன்றுக்காகக் காத்திருக்கிறார். குறுக்கீடுகளில் எவை அவருடைய பணியின் உட்பொருள், எவை தவிர்க்கத்தக்கவை என்று பிரித்தறிவதே அவர் செய்யக்கூடியது.

இதற்குரிய முதற்படி, நேரம் எங்கே செல்கிறது என்பதை நினைவிலிருந்து சொல்லாமல் நடக்கும்போதே எழுதிவைப்பது. மேலாண்மைச் சிந்தனையாளர் பீட்டர் டிரக்கர் 1967இல் வெளியிட்ட நூலில், திட்டமிடுவதிலிருந்து தொடங்காமல் நேரத்தைப் பதிவு செய்வதிலிருந்தே தொடங்க வேண்டும் என்றும், அதன் பின் வீணானவற்றை நீக்கி, எஞ்சியவற்றைப் பெரிய பகுதிகளாகத் தொகுக்க வேண்டும் என்றும் வலியுறுத்தினார். மாலையில் உட்கார்ந்து அன்றைய நாளை நினைவுகூர்பவர், தாம் முக்கியமென்று கருதும் வேலைகளுக்கு உண்மையில் செலவிட்டதைவிடக் கூடுதலான நேரத்தைத் தம்மையறியாமலே எழுதிவிடுவார் என்பதால், நடக்கும்போதே எழுதுவது என்ற நிபந்தனையில் சலுகை கூடாது. இரண்டு வாரப் பதிவு போதுமானது. ஆனால் அந்த இரண்டு வாரங்களில் ஒன்று மாதக் கடைசியாகவோ ஷிப்மென்ட் நெருக்கடி உள்ளதாகவோ இருப்பது நல்லது, ஏனெனில் அமைதியான வாரத்தின் பதிவு எதையும் வெளிப்படுத்தாது.

டிரக்கர் சொன்ன பதிவோடு இரண்டாவது பதிவொன்றையும் சேர்க்க வேண்டும் என்பது இந்நூலின் பரிந்துரை. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் பணிபுரிந்தோர் தன்பதிவேட்டை நன்கு அறிவர்: ஓர் இருக்கைக்கு வரும் ஒவ்வொரு தபாலும் எந்த நாளில் வந்தது, அதன் மேல் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, எந்த நாளில் முடிந்தது என்பதைக் காட்டும் பதிவேடு அது. கீழ்நிலை இருக்கைகளின் நிலுவையைக் கண்காணிக்க உருவான இக்கருவியை மேலாளர் தம் மீதே திருப்பிக்கொள்வது மிகுந்த பலன் தரும். தம்மிடம் ஒரு கேள்வியோ தாளோ வந்த நேரம், கேட்டவர் பெயர், விடை போன நேரம், இடைப்பட்ட காலத்தில் அவர் அந்த வேலையைத் தொடர முடிந்ததா நின்றுவிட்டதா என்ற நான்கு குறிப்புகளே இதற்குப் போதும். இரண்டு வார முடிவில் நிலுவையின் நீளத்தை விட அதன் வகை கவனிக்கத்தக்கது. கடினமான முடிவுகள் தாமதமாவது இயல்பு. அற்பமான முடிவுகளும் அதே அளவு தாமதமாகின்றன என்று பதிவு காட்டினால், அம்முடிவுகள் மேலாளரிடம் வந்ததே தவறு என்று கொள்ளலாம்.

வரிசையின் கணக்கு

காத்திருப்பைப் பற்றிய அறிவியல் தொலைபேசி நிலையத்தில் பிறந்தது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தின் அழைப்புகளை ஆராய்ந்த டென்மார்க் நாட்டுக் கணித அறிஞர் ஏ. கே. எர்லாங் 1909இல் வெளியிட்ட கட்டுரை, பின்னர் வரிசைக் கோட்பாடு என்று வளர்ந்த துறைக்கு அடித்தளமிட்டது. சேவை கேட்டு வருவோர், சேவை செய்வோர், இடையே உருவாகும் வரிசை ஆகியவற்றின் தொடர்பை ஆராய்வது இத்துறை. இதன் இரண்டு முடிவுகள் மேலாளருக்கு நேரடியாகப் பயன்படும்.

முதலாவது, அமெரிக்க அறிஞர் ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி. வரிசையில் சராசரியாக நிற்பவற்றின் எண்ணிக்கை, வருகை வேகத்தையும் ஒவ்வொன்றும் தங்கும் சராசரி நேரத்தையும் பெருக்கினால் வருவதற்குச் சமம் என்பது அவ்விதி. நாளொன்றுக்கு 12 தாள்கள் வந்து, ஒவ்வொன்றும் மூன்று நாள் தங்கினால், மேசையில் எந்நேரமும் ஏறத்தாழ 36 தாள்கள் இருக்கும். இதைத் திருப்பிப் போட்டால், எந்தப் பதிவேடும் இல்லாமலே தாமதத்தைக் கணிக்கலாம்: நிலுவையில் உள்ளவற்றை எண்ணி, ஒரு நாளில் சராசரியாக வருபவற்றின் எண்ணிக்கையால் வகுத்தால் போதும். அஞ்சல்பெட்டியில் விடை தராத மின்னஞ்சல் 80 இருந்து, விடை வேண்டி நாளுக்கு 20 வந்தால், அந்த மேலாளரிடம் ஒரு விடை பெறச் சராசரியாக நான்கு நாள் ஆகிறது. தாம் உடனுக்குடன் பதில் சொல்பவர் என்று நம்பும் எவரும் இக்கணக்கை ஒருமுறை செய்து பார்ப்பது நன்று.

இரண்டாவது முடிவு பலருக்கு வியப்பளிக்கக் கூடியது. கேள்விகள் முன்பின் ஒழுங்கின்றி வந்து, ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரமும் ஏறி இறங்கும்போது, ஒருவரே எல்லாவற்றையும் கவனிக்கும் எளிய மாதிரியில், காத்திருப்பு அவருடைய வேலைச்சுமையோடு நேர்விகிதத்தில் வளர்வதில்லை. ஒரு முடிவுக்குச் சராசரியாக 15 நிமிடம் ஆகிறது என்று கொண்டால், அவருடைய நேரத்தில் பாதி நிறைந்திருக்கும்போது புதிதாக வரும் கேள்வி சராசரியாக 15 நிமிடம் காத்திருக்கும். 80 விழுக்காடு நிறைந்தால் ஒரு மணி நேரம். 90 விழுக்காட்டில் இரண்டே கால் மணி நேரம். 95 விழுக்காட்டில் நான்கே முக்கால் மணி நேரம். உண்மையான அலுவலகம் இம்மாதிரியைப் போல அவ்வளவு எளிதானதன்று என்றாலும், நிரம்பி வழியும் நாட்குறிப்பில் கடைசியாகச் சேர்க்கப்படும் ஒரு சந்திப்பு, முதலில் சேர்க்கப்பட்டதைப் போலப் பன்மடங்கு காத்திருப்பை உண்டாக்கும் என்ற போக்கு அங்கேயும் பொருந்துகிறது.

காலை முதல் மாலை வரை ஒரு நிமிடமும் காலியின்றி இருப்பதைக் கடமையுணர்வின் அடையாளமாகப் போற்றும் அலுவலகங்கள் நம்மிடையே மிகுதி. அந்தப் போற்றுதல் தவறானது என்பதை மேற்கண்ட எண்கள் காட்டுகின்றன. நாட்குறிப்பில் நாளின் ஐந்தில் ஒரு பங்கையாவது எதற்கும் ஒதுக்காமல் விட்டுவைப்பதும், அதனுள் காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று என இரண்டு அரைமணிப் பொழுதுகளை முடிவு கேட்டு வருவோருக்கென்று அறிவித்துவைப்பதும் நல்ல நடைமுறை. அந்நேரத்தில் மேலாளர் தம் இருக்கையில் தவறாமல் இருக்க வேண்டும். எப்போது பார்க்க முடியும் என்பது உறுதியாகத் தெரிந்தால், அவசரமற்ற கேள்விகளை ஊழியர்கள் தாங்களே சேர்த்துவைத்துக்கொண்டு வருவார்கள். மற்ற நேரங்களில் அறைக் கதவைத் தட்டுவதும் குறையும்.

குறையும் அந்தக் குறுக்கீடுகளால் மேலாளரின் சிந்தனை நேரமும் பிழைக்கிறது. ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவும்போது, மனத்தின் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே தங்கிவிடுவதை ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் கவன எச்சம் என்ற பெயரில் விளக்கினார். விலை நிர்ணயம், ஆண்டு மதிப்பீடு எழுதுதல் போன்ற பணிகளுக்கு ஒன்றரை மணி நேரமாவது தொடர்ச்சியாக வேண்டும். அது வாரத்தில் இரண்டு முறை கிடைத்தாலே பெரும்பாலான மேலாளர்களுக்குப் போதும்.

அதிகாரப் பகிர்வின் படிநிலைகள்

மேற்சொன்னவை வரிசையை வேகப்படுத்தும் வழிகள். வரிசைக்குள் வரத் தேவையில்லாதவற்றை வராமலே தடுப்பது அதிகாரப் பகிர்வு. முடிவெடுக்கும் உரிமையை, அதற்குரிய பொறுப்போடும் வரம்போடும் இன்னொருவருக்கு வழங்குவதையே இச்சொல் குறிக்கிறது. வேலையை மட்டும் கொடுத்து முடிவைத் தம்மிடமே வைத்துக்கொள்வது பகிர்வாகாது. அது வரிசையின் நீளத்தைக் கூட்டுவதாகவே முடியும். தமிழ் மரபுக்கு இது புதிய சிந்தனையும் அன்று. திருக்குறளின் 51ஆம் அதிகாரமான தெரிந்து தெளிதல் ஆளைத் தேர்வது பற்றியும், 52ஆம் அதிகாரமான தெரிந்து வினையாடல் தேர்ந்தவரிடம் வினையை விடுவது பற்றியும் தனித்தனியே பேசுவது, இவை இரண்டும் வெவ்வேறு திறன்கள் என்ற தெளிவைக் காட்டுகிறது. நல்லவரைத் தேர்ந்தெடுத்த பின்னும் வினையை அவரிடம் விடத் தயங்கும் மேலாளர் முதல் திறனைப் பெற்று இரண்டாவதைப் பெறாதவர்.

வில்லியம் ஆன்கனும் டொனால்ட் வாஸும் 1974இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதிய கட்டுரை, ஊழியரின் பிரச்சினை மேலாளரின் தோளுக்குத் தாவும் விதத்தை ஒரு குரங்கின் தாவலாக உருவகித்துப் புகழ்பெற்றது. “பார்த்துச் சொல்கிறேன்” என்று மேலாளர் நடைபாதையில் நின்று சொல்லும் ஒரு வாக்கியத்தோடு வேலை இடம் மாறிவிடுகிறது. அதற்குப் பின் ஊழியர் மேற்பார்வையாளராகவும் மேலாளர் கடமைப்பட்டவராகவும் ஆகிறார்கள். அக்கட்டுரை ஊழியரின் முனைப்பை ஐந்து படிகளாகப் பிரித்தது: சொல்லும் வரை காத்திருத்தல், என்ன செய்வது என்று கேட்டல், தம் பரிந்துரையைச் சொல்லி ஒப்புதல் பெற்றுச் செய்தல், செய்துவிட்டு உடனே தெரிவித்தல், செய்துவிட்டு வழக்கமான அறிக்கையில் மட்டும் தெரிவித்தல். முதல் இரண்டு படிகளுக்கு அலுவலகத்தில் இடமே தரக்கூடாது என்பது அவர்களின் கருத்து.

நம் அலுவலகங்களில் இக்கருத்தை அப்படியே நடைமுறைப்படுத்துவதற்கு முன்னால் ஒரு தடையை உணர வேண்டும். மூத்தவரைக் கேட்காமல் செய்வது மரியாதைக் குறைவு என்ற எண்ணமும், தவறு நேர்ந்தால் எல்லார் முன்னிலையிலும் திட்டு விழும் என்ற அச்சமும் சேர்ந்து, திறமையான ஊழியரையும் இரண்டாம் படியிலேயே நிறுத்திவைக்கின்றன. “எல்லாவற்றுக்கும் ஏன் என்னிடம் வருகிறீர்கள்?” என்று கடிந்துகொள்வதால் இது மாறாது, ஏனெனில் கேட்டதற்குத் திட்டியவர் கேட்காததற்கும் திட்டுவார் என்றே ஊழியர் முடிவு செய்வார். எந்த வகை முடிவு, எவ்வளவு தொகை வரை, எந்தப் படியில் அவருடையது என்பதை எழுத்தில் தருவதே அச்சத்தைப் போக்கும். ஐயாயிரம் ரூபாய் வரையிலான உதிரிப்பாகக் கொள்முதல் ஐந்தாம் படி, இருபதாயிரம் வரை நான்காம் படி, அதற்கு மேல் மூன்றாம் படி என்று பராமரிப்புப் பிரிவின் பொறுப்பாளருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், அவர் இரவு ஷிப்டில் பேரிங் உடைந்தபோது மேலாளரைத் தொலைபேசியில் எழுப்பத் தேவையிராது. தொகைகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எழுத்தில் தருவது மாறலாகாது.

ஒரே ஊழியர் எல்லா வேலைகளிலும் ஒரே படியில் இருக்க வேண்டியதில்லை. குரோவ் இதனை அந்தந்த வேலைக்கு உரிய முதிர்ச்சி என்று விளக்கினார்: பத்தாண்டுகள் தையல் பிரிவை நடத்தியவர் இயந்திரங்களைப் பற்றி ஐந்தாம் படியில் இருந்துகொண்டே, புதிதாக ஒப்படைக்கப்பட்ட செலவுக் கணக்கில் மூன்றாம் படியில் இருக்கலாம், இதில் அவருக்கு இழுக்கு எதுவுமில்லை என்பதை மேலாளர் வெளிப்படையாகச் சொல்வது அவசியம். ஒப்படைத்த முடிவு தவறாகிப் போன முதல் தருணத்தில் மேலாளர் நடந்துகொள்ளும் விதமே எஞ்சிய அனைத்தையும் தீர்மானிக்கிறது. வரம்புக்குள் எடுக்கப்பட்ட முடிவின் பொறுப்பை அவர் தம் மேலதிகாரி முன் ஏற்றுக்கொண்டு, ஊழியரிடம் தனியே காரணத்தை ஆராய்ந்தால் பகிர்வு வேரூன்றும். ஊழியரைக் கைகாட்டிவிட்டால், அடுத்த நாள் முதல் எல்லாக் கேள்விகளும் மீண்டும் மேலாளர் மேசைக்கே வரும்.

கூட்டம், தனிச் சந்திப்பு, விடுப்பு

கூட்டங்களைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டதால் இங்கே ஒரு கணக்கு போதும்: பன்னிரண்டு பேர் ஒன்றரை மணி நேரம் அமர்ந்தால் செலவாவது 18 மணி நேர உழைப்பு, அதாவது ஒருவரின் இரண்டு நாள் வேலைக்கும் மேல். தகவல் சொல்வதற்கு மட்டும் கூட்டம் கூட்டுவதை நிறுத்தி, அதைச் சுற்றறிக்கையாக அனுப்பலாம். முடிவெடுக்கக் கூட்டப்படும் கூட்டத்தில், அம்முடிவை எடுப்பவர் யார் என்பது தொடக்கத்திலேயே தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கு மாறாக, ஊழியர் ஒவ்வொருவருடனும் ஒழுங்கான இடைவெளியில் நடக்கும் தனிச் சந்திப்புக்கு நேரம் செலவிடத் தயங்கவே கூடாது. அந்த நேரம் ஊழியருக்கு உரியது. பேச வேண்டியவற்றை அவரே வரிசைப்படுத்தி வருவது சிறந்தது. பலர் முன்னிலையில் சொல்ல முடியாத நெருக்கடி, ஒத்துப்போகாத சக ஊழியர், வீட்டுச் சூழ்நிலையால் வேண்டும் நேர மாற்றம் ஆகியவை இங்கேதான் வெளிவரும். இவற்றை மூன்று மாதம் கழித்து ராஜினாமாக் கடிதத்தில் படிப்பதைவிட, அரைமணி நேரம் ஒதுக்கிக் கேட்பது மேலாளரின் நேரத்தையும் ஊழியரின் மனத்தையும் ஒருங்கே காக்கும். இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் கேள்வி அனுப்பும் வழக்கத்தையும் இதனோடு சேர்த்துக் கருத வேண்டும். நினைவுக்கு வந்ததை மறக்காமலிருக்க அனுப்பியதாக மேலாளர் எண்ணினாலும், பெற்றவர் அதைக் கட்டளையாகவே படிப்பார். அக்கேள்வியைத் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்துக் காலையில் அனுப்புவதால் பெரும்பாலான வேலைகளில் எதுவும் கெட்டுவிடாது.

மேற்கூறிய ஏற்பாடுகள் நிலைத்தனவா என்பதை மேலாளரின் விடுப்பு சோதித்துக் காட்டும். ஒரு வாரமாவது நீளும் விடுப்பில் அவர் செல்வதற்கு முன், வழக்கமாகத் தம்மிடம் வரும் முடிவுகளை யார் யார் எடுப்பது என்று ஒரு பக்கத்தில் எழுதி அனைவருக்கும் தெரிவித்து, உயிருக்கோ பெருந்தொகைக்கோ ஆபத்தான சூழலில் மட்டும் அழைக்கலாம் என்று வரையறுத்துச் செல்ல வேண்டும். திரும்பிய முதல் நாளில் அஞ்சல்பெட்டியைத் திறப்பதற்கு முன்பாக, அவர் இல்லாதபோது எடுக்கப்பட்ட முடிவுகளையும், எடுக்கப்படாமல் நின்றுபோனவற்றையும் பொறுப்பாளர்களிடம் கேட்டு இரண்டு பட்டியல்களாக எழுதிக்கொள்வது முறை. நின்றுபோனவற்றுக்கு எந்தத் தகவலோ எந்த வரம்போ குறைவாக இருந்தது என்று அவர்களிடமே கேட்டறிந்து அதை நிரப்ப வேண்டும். நல்லபடியாக எடுக்கப்பட்டவற்றை மீண்டும் தம்மிடம் இழுத்துக்கொள்ளாமல், எடுத்தவர் பெயரிலேயே அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.